ஹை வோல்டேஜ் வந்து போன வீட்டில் எதை முதலில் பார்ப்பது?

பல்புகள் திடீரென்று கண் கூச எரிகின்றன. எங்கோ 'பட்' என்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து கருகிய வாடை. டிவி வரவில்லை, இணைய மோடம் வரவில்லை, ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா என்று தெரியவில்லை. இந்த நேரத்தில் யாருக்கும் கை சும்மா இருக்காது. எது பிழைத்தது, எது போனது என்று ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்க்கத் தோன்றும். அதைத்தான் செய்யக்கூடாது. பொருளைக் கெடுத்த வோல்டேஜ் இன்னும் அதே வயரில் இருக்கலாம். தப்பிப் பிழைத்த பொருள் அந்தச் சோதனையிலேயே போய்விடும்.

என்னென்ன போனது என்ற கணக்கைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். வந்தது என்ன மாதிரியான வோல்டேஜ், அது நின்றுவிட்டதா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பழுது பார்ப்பது, புதிது வாங்குவது, பாதுகாப்புக் கருவி பொருத்துவது எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் அமையும்.

முதல் சில நிமிடங்கள்

மெயின் சுவிட்சை அணையுங்கள். மெயின் பெட்டியே சுடுகிறது, புகைகிறது, உள்ளே பொரிவது போல் சத்தம் கேட்கிறது, அல்லது அதன் கீழே தரை ஈரமாக இருக்கிறது என்றால் அதன் பக்கமே போக வேண்டாம். எல்லோரையும் வெளியே அழைத்து வந்துவிட்டு, தீயணைப்புத் துறைக்கும் மின் விநியோகம் செய்பவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியாகும் வரை எரியும் பொருளின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மெயின் அணைந்த பிறகு பிளக்குகளைக் கழற்றுங்கள். சுவர் சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்கலாம். பெரும்பாலான சுவர் சுவிட்சுகள் இரண்டு வயரில் ஒன்றை மட்டுமே துண்டிக்கின்றன. மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் பொருளோடு இணைந்தேதான் இருக்கும். ரிமோட்டில் அணைத்த டிவியோ மின்சாரத்தைப் பொறுத்தவரை அணையவே இல்லை. ஏசி, வாட்டர் ஹீட்டர் போல நேரடியாக வயர் இணைத்திருக்கும் பொருட்களுக்கு மெயின் பெட்டியில் இருக்கும் அவற்றின் எம்.சி.பி.யை (கரண்ட் அதிகமானால் தானாக விழும் சுவிட்சை) இறக்கி வையுங்கள். மின்னல் காரணமாக இருக்கலாம் என்று தோன்றினால் கேபிள் வயர், ஆண்டெனா வயர், இணைய வயர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஆனால் இடி இடித்துக்கொண்டிருக்கும்போது அவற்றைத் தொடாமல், ஓய்ந்த பிறகு செய்யுங்கள்.

பிறகு பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். உங்கள் வீட்டில் பல்பு பளிச்சென்று எரிந்தபோது அங்கே எப்படி இருந்தது? அங்கேயும் பளிச்சென்றா, அல்லது மங்கலாகவா? இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் பாதி நோயைச் சொல்லிவிடும்.

இரண்டு விதமான அடி

முதலாவது, நொடிக்கும் குறைவான அடி. மின்னல் அருகில் எங்கோ விழுகிறது. அல்லது மின் கட்டமைப்பில் ஒரு பெரிய சுவிட்ச் திறந்து மூடுகிறது. வயரில் சில நூறு முதல் சில ஆயிரம் வோல்ட் வரை ஏறி உடனே இறங்கிவிடும். இதைச் சோதனைக் கூடங்களில் உருவாக்கிப் பார்ப்பதற்கென்று ஒரு தர அலை உண்டு: 1.2 மைக்ரோ வினாடியில் உச்சத்தைத் தொட்டு, 50 மைக்ரோ வினாடியில் பாதியாகச் சரிந்துவிடும். ஒரு மைக்ரோ வினாடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதில் பல்பு பிரகாசமாவதைக் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது. ஆகவே சில நொடிகளுக்கு வெளிச்சம் ஏறி நின்றதைப் பார்த்தோம் என்று வீட்டில் சொன்னால், வந்தது இது இல்லை.

இரண்டாவது, நீடித்து நிற்கும் ஹை வோல்டேஜ். இதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது அறுந்துபோன அல்லது தளர்ந்துபோன நியூட்ரல் வயர். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம் இது.

230 வோல்ட் புழங்கும் நாடுகளில் தெருவுக்கு வருவது பெரும்பாலும் மூன்று ஃபேஸ், அதாவது மின்சாரம் கொண்டுவரும் மூன்று வயர்கள். ஒரு வீட்டுக்கு ஒரு ஃபேஸ், அடுத்த வீட்டுக்கு வேறொரு ஃபேஸ் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். நியூட்ரல் மட்டும் எல்லோருக்கும் பொது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட். பொது நியூட்ரல் எங்கோ அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டுக்குள் வந்த மின்சாரத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை. அது பக்கத்து வீட்டுப் பொருட்களின் வழியாக வேறொரு ஃபேஸுக்குப் போய்ச் சேரும். இரண்டு வீடுகளும் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகளாக அந்த 400 வோல்ட்டில் மாட்டிக்கொள்கின்றன.

ஒரு கணக்குப் போடலாம். பக்கத்து வீட்டில் 2000 வாட் ஹீட்டர் ஓடுகிறது. உங்கள் வீட்டில் டிவி, விளக்கு எல்லாம் சேர்த்து 200 வாட். ஹீட்டரின் மின்தடை சுமார் 26 ஓம். உங்கள் வீட்டுப் பொருட்களுடையது சுமார் 264 ஓம். 400 வோல்ட் இந்த விகிதத்தில் பிரியும்போது ஹீட்டர் வீட்டுக்குக் கிடைப்பது சுமார் 36 வோல்ட், உங்களுக்கு வந்து சேர்வது சுமார் 364 வோல்ட். குறைவாக மின்சாரம் பயன்படுத்திய வீடுதான் அதிகமாக அடி வாங்குகிறது! உண்மையில் பல வீடுகளும் மூன்று ஃபேஸும் சேர்வதால் எண்கள் மாறும், போக்கு இதுதான். 120 வோல்ட் நாடுகளில் ஒரே வீட்டுக்கு இரண்டு 120 வோல்ட் கிளைகள் வருவதால், இதே கூத்து ஒரு வீட்டுக்குள்ளேயே நடக்கும். ஓர் அறை பளிச்சென்று எரியும், இன்னோர் அறை மங்கும்.

இப்போது பக்கத்து வீட்டில் கேட்ட கேள்வியின் பயன் புரிந்திருக்கும். இங்கே பளிச், அங்கே மங்கல் என்றால் நியூட்ரல்தான் முதல் சந்தேகம். ஹீட்டர் போன்ற பெரிய லோடு ஓடும்போதும் நிற்கும்போதும் மற்ற விளக்குகள் ஏறி இறங்கினாலும் அதே சந்தேகம்தான். மின்னல் அடித்தால் அத்தோடு முடிந்துபோகும். நியூட்ரல் கோளாறு அப்படி முடிவதில்லை. தளர்ந்த இணைப்பு காற்றில் ஆடி ஒரு சமயம் ஒட்டும், ஒரு சமயம் விடும். "தானாகச் சரியாகிவிட்டது" என்று நினைத்துப் புது டிவி வாங்கி மாட்டினால் அதுவும் போகும். மின் விநியோக நிறுவனத்தில் புகார் கொடுக்கும்போது "கரண்ட் வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சில வீடுகளில் அதிக வோல்டேஜ், சில வீடுகளில் குறைவு, நியூட்ரல் அறுந்திருக்கலாம்" என்று சொல்லுங்கள். அவசரத்தின் அளவு அவர்களுக்கு உடனே புரியும். புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பொருளுக்குள் என்ன நடக்கிறது

230 வோல்ட் என்பது ஒரு வகைச் சராசரி. அலையின் உச்சத்தில் அது 325 வோல்ட்டைத் தொடும். டிவி, கணினி, சார்ஜர் போன்றவற்றில் மின்சாரம் நுழைந்ததும் அதை வாங்கித் தேக்குவதற்கு ஒரு பெரிய கெபாசிட்டர் இருக்கும். அதன் தாங்கு திறன் பொதுவாக 400 அல்லது 450 வோல்ட். வயரில் 400 வோல்ட் வந்தால் உச்சம் 566 வோல்ட். கெபாசிட்டர் உப்பி, மேல் மூடி பிளந்து, உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகச் சீறும். பலர் கேட்கும் அந்த 'பட்' சத்தங்களில் ஒன்று இதுதான்.

அதற்கு முன்னால் ஒரு காவல்காரன் நிற்பதுண்டு. வாரிஸ்டர் என்று பெயர், துத்தநாக ஆக்சைடால் ஆன சிறிய வட்ட வில்லை. சாதாரண வோல்டேஜில் மின்சாரத்தை விடாது. அளவு மீறினால் சட்டென்று வழிவிட்டு, அதிகப்படியைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும். நொடிக்கும் குறைவான அடியென்றால் வாங்கிக்கொண்டு பிழைத்துவிடும், ஒவ்வோர் அடிக்கும் அதன் ஆயுள் கொஞ்சம் குறையும் என்பதைத் தவிர. நீடித்த ஹை வோல்டேஜ் வந்தால் சூடேறி வெடித்து ஷார்ட் ஆகிவிடும், ஃப்யூஸ் போகும். அந்தப் பொருள் முழுக்கச் செத்துப்போனது போல் தெரிந்தாலும், பல சமயம் போனது ஃப்யூஸும் வாரிஸ்டரும் மட்டும்தான். பின்னால் இருந்த போர்டு தப்பித்திருக்கும். செத்த பொருளை அவசரப்பட்டுப் பழைய சாமானுக்குப் போட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றில் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடு ஏறும். 230-க்குப் பதில் 400 வந்தால் 1000 வாட் ஹீட்டர் சுமார் 3000 வாட் இழுக்கும். சில நொடிகளென்றால் தாங்கிவிடும். நிமிடக்கணக்கில் போனால் காயிலோ வயரோ கருகும்.

மோட்டார்களின் கதை வேறு. வோல்டேஜ் ஏறினால் அவற்றின் இரும்பு உட்பகுதி காந்தத்தில் நிறைவடைந்து கரண்ட் தாறுமாறாக ஏறும், வைண்டிங் சுடும். ஆனால் கம்ப்ரெசருக்கு லோ வோல்டேஜும் அதே அளவு எமன். சுற்ற வலுவில்லாமல் அப்படியே நின்று உறுமும். நின்ற மோட்டார் இழுக்கும் கரண்ட் ஓடும் மோட்டாரைப் போலப் பல மடங்கு. அதனால், மேலே சொன்ன கணக்கில் மங்கலாக எரிந்த வீட்டுக்காரர் "நமக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று இருந்துவிட முடியாது. அவரும் ஃப்ரிட்ஜைப் பார்க்க வேண்டும்.

எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று பலரும் கேட்பார்கள். அது கரண்ட் அதிகமானால் விழும், வோல்டேஜ் அதிகமானால் அல்ல. அது அதன் வேலையே இல்லை.

திரும்ப மின்சாரம் கொடுக்கும்போது

காரணம் தெரிந்து, வெளியில் சரிசெய்துவிட்டார்கள் என்று உறுதியான பிறகு தொடங்கலாம். பிளக்குகள் எல்லாம் கழன்றிருக்க, எம்.சி.பி.கள் எல்லாம் இறங்கியிருக்க, மெயினை மட்டும் போட்டு மல்டிமீட்டரில் வோல்டேஜ் பார்க்க வேண்டும். 230 வோல்ட் நாடுகளில் பத்து சதவீதம் கூடக்குறைய, அதாவது 207 முதல் 253 வரை இருந்தால் பொதுவாக ஏற்கலாம். 120 வோல்ட் நாடுகளில் 114 முதல் 126. இதுவரை மல்டிமீட்டரை மின் இணைப்பில் வைத்துப் பழகாதவர் இதை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது. டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை நம்ப வேண்டாம். அது எரிந்தால் அங்கே மின்சாரம் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். எவ்வளவு என்று சொல்லாது. நியூட்ரல் அறுந்த நிலையில் ஏதாவது ஒரு பொருள் ஓடிக்கொண்டிருந்தால், சாக்கெட்டின் இரண்டு துளையிலும் அது எரிந்து குழப்பும்.

எலெக்ட்ரீஷியன் வந்தால் இன்னும் இரண்டு வேலை சொல்லலாம். மெகர் என்கிற இன்சுலேஷன் சோதனைக் கருவியை வைத்து வயரிங்கின் இன்சுலேஷனைப் பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்ட் சோதனையில் குறைந்தது 1 மெகா ஓம் வேண்டும். இதற்குப் பொருட்கள் எல்லாம் கழன்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெகரே அவற்றைக் கெடுத்துவிடும். அடுத்தது, மின்கசிவுக்கு விழும் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். அதற்குள்ளும் எலெக்ட்ரானிக் பாகம் இருக்கலாம், அடி வாங்கியிருக்கலாம்.

அதன்பின் ஒரு நேரத்தில் ஒரு பொருள். விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்: முதலில் ஒரு விளக்கு, பிறகு மின்விசிறி. கடைசியில் ஏசி. ஒவ்வொன்றையும் போட்டுச் சில நிமிடம் அருகிலேயே நின்று, வாடை வருகிறதா, வழக்கமில்லாத உறுமல் கேட்கிறதா என்று கவனியுங்கள். எம்.சி.பி. விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிடக் கூடாது. ஃப்ரிட்ஜும் ஏசியும் நின்ற பிறகு ஐந்து நிமிடமாவது விட்டுத்தான் மறுபடி போட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வாயு அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரெசர் கிளம்பத் திணறும்.

மோடம் எரியாவிட்டால் முதலில் அதன் அடாப்டரைச் சந்தேகியுங்கள். மோடம் நன்றாக இருந்து அடாப்டர் மட்டும் போயிருப்பது சாதாரணம். மாற்று அடாப்டரின் வோல்டேஜும் பிளஸ் மைனஸ் திசையும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். டிவியில் சிவப்பு விளக்கே வராவிட்டால் பவர் போர்டு. சிவப்பு விளக்கு வந்தும் படம் வராவிட்டால் விசாரணை உள்ளே போக வேண்டும். எல்லாம் ஓடி, இணைய வயர் செருகும் துளையோ எச்.டி.எம்.ஐ. துளையோ மட்டும் செத்திருந்தால், அடி மின்சார வயரில் வராமல் கேபிள் வழியாக வந்திருக்கலாம். ஃப்ரிட்ஜில் உள்விளக்கு எரிந்து கம்ப்ரெசர் ஓடாவிட்டால் அதைக் கிளப்பிவிடும் ரிலே அல்லது கட்டுப்பாட்டு போர்டாக இருக்கலாம், கம்ப்ரெசரே போய்விட்டது என்று உடனே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கணினியில் பவர் சப்ளை போனால் ஹார்ட் டிஸ்க்கும் போயிற்று என்று அர்த்தமில்லை. கழற்றி வேறு கணினியில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடி வாங்கிய மொபைல் சார்ஜரைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது: ஓடினாலும் தூக்கிப்போடுங்கள். அதற்குள் வீட்டு மின்சாரத்தையும் உங்கள் கையில் இருக்கும் மொபைலையும் பிரித்து வைப்பது ஒரு மெல்லிய தடுப்புதான். அது பழுதானால் வெளியில் தெரியாது.

எதையும் நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மைக்ரோவேவ் அடுப்பின் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும், ஆளையே கொல்லும்.

இதற்கிடையில் ஃப்ரிட்ஜின் கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் உள்ளே உணவு சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். இன்சுலின் போன்ற மருந்து உள்ளே இருந்தால் அதற்கு முதலில் வேறு குளிர்ந்த இடம் பாருங்கள்.

மெக்கானிக்கும் காப்பீடும்

பழுது பார்க்கக் கொடுக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: பொருள், அதன் மாடல் எண், வரிசை எண், கருகிய பிளக், சுவரில் கரி படிந்த இடம். வாங்கிய ரசீது கிடைத்தால் சேர்த்து வையுங்கள். வீட்டுக் காப்பீடு இருந்தால் அவர்களுக்குச் சொல்லாமல் பழுது பார்க்கவோ தூக்கிப்போடவோ வேண்டாம். வந்து பார்ப்போம் என்றால் காட்டுவதற்குப் பொருள் வேண்டும். மின்னல் சேதத்தை ஏற்றுக்கொண்டு, மற்ற வோல்டேஜ் சேதத்துக்குத் தனிப் பிரிவு கேட்கும் பாலிசிகள் உண்டு. பாலிசியில் 'மின் பழுது' பற்றி எழுதியிருக்கும் வரிகளைப் படித்துவிட்டுப் பேசுங்கள். தயாரிப்பாளர் தரும் வாரண்டியில் பெரும்பாலும் வோல்டேஜ் சேதம் சேராது. மெக்கானிக்கிடம் காரணத்தையும் மாற்றிய பாகங்களையும் எழுதி வாங்குங்கள். "ரிப்பேர் ஆகிவிட்டது" என்று மட்டும் இருந்தால் அந்தச் சீட்டால் பயனில்லை. பல வீடுகள் பாதிக்கப்பட்டிருந்தால் சேர்ந்து புகார் கொடுப்பது நல்லது. ஒரே நேரத்தில் பத்து வீட்டில் பொருள் போனதை யாரும் அந்தப் பொருட்களின் குறை என்று தள்ள முடியாது.

ஃப்யூஸ் போனால் அதே அளவு ஃப்யூஸ்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றி ஓட்டிக் கொடுக்கும் மெக்கானிக்கிடம் அடுத்த முறை போகாதீர்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். முழு போர்டையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால், பாகம் மட்டும் மாற்றுகிற இன்னொருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பொருள் தன் ஆயுளில் பாதிக்கு மேல் கடந்து, செலவும் புதியதின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் விட்டுவிடுவேன்.

அடுத்த முறைக்கு

எந்த அடி என்று தெரிந்துகொண்டதன் பலன் இங்கே கிடைக்கும். பலரும் எல்லாவற்றுக்கும் ஸ்டெபிலைசர் வாங்குகிறார்கள். மெதுவாக ஏறி இறங்கும் வோல்டேஜை அது சமாளிக்கும்; மைக்ரோ வினாடி அடி வந்து போன பிறகுதான் அதற்கு விழிப்பே வரும். அந்த அடிக்கு மெயின் பெட்டியில் எஸ்.பி.டி. என்கிற சர்ஜ் தடுப்பான் வேண்டும். வீடுகளுக்குப் பொதுவாக இரண்டாம் வகை (டைப் 2) போதும். இடிதாங்கி பொருத்திய கட்டிடமென்றால் முதல் வகையும் (டைப் 1) தேவைப்படும். அதன் இணைப்பு வயர் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும், எர்த் நன்றாக இருக்க வேண்டும். வயர் நீளமானால் அந்த நீளத்திலேயே பல நூறு வோல்ட் கூடுதலாக ஏறிவிடும். ஆனால் எஸ்.பி.டி.யும் நீடித்த 364 வோல்ட்டைத் தடுக்காது, அதில் அதுவே கருகும். நியூட்ரல் கோளாறுக்கு வேண்டியது, வோல்டேஜ் எல்லை மீறினால் வீட்டையே துண்டித்துவிட்டு, சரியான பிறகு சில நிமிடம் பொறுத்து மறுபடி இணைக்கும் ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் ரிலே. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்ற நிலையில், உங்கள் பகுதியில் வோல்டேஜ் அடிக்கடி ஆடும் என்றால் இந்த ரிலேவை முதலில் வாங்குங்கள். பக்கத்தில் நேரடியாக மின்னல் விழுந்தால் இரண்டுமே உத்தரவாதம் இல்லை. மழை மேகம் கூடும்போதே பிளக்கைக் கழற்றி வைப்பதுதான் வழி.

பல துளை கொண்ட நீட்டிப்புப் பெட்டி எல்லாமே சர்ஜ் தடுப்பான் இல்லை. சிலவற்றில் சுவிட்சும் சிவப்பு விளக்கும் தவிர உள்ளே ஒன்றுமே இருக்காது. இருப்பவற்றிலும் அந்த வாரிஸ்டர்தான் இருக்கிறது, அது ஒரு முறை பெரிய அடி வாங்கியிருந்தால் பெட்டியையே மாற்றிவிட வேண்டும். எஸ்.பி.டி.யில் இதைத் தெரிந்துகொள்ளச் சிறு ஜன்னல் உண்டு: பெரும்பாலானவற்றில் பச்சை என்றால் உயிரோடு இருக்கிறது, சிவப்பு என்றால் மாற்ற வேண்டும்.

தப்பித்த பொருட்களையும் சில வாரம் கவனியுங்கள். பாதி அடிபட்ட கெபாசிட்டர் உடனே போகாது. டிவி எரிய வழக்கத்தைவிட நேரமாவது, எல்.இ.டி. பல்பு துடிப்பது, அடாப்டர் முன்னைவிடச் சுடுவது, பவர் சப்ளையில் மெல்லிய கீச்சுச் சத்தம் கேட்பது எல்லாம் அதன் அறிகுறிகள். அப்படிப்பட்ட பொருளை இரவில் யாரும் இல்லாத அறையில் ஓடவிட வேண்டாம். முதல் முறை மெக்கானிக் தந்த சீட்டு இருந்தால், அதே சம்பவத்தின் தொடர்ச்சி என்று காப்பீட்டில் கேட்கவும் வழி இருக்கும்.